திரும்பி வந்தவர்கள்

தலைவன் என்பவன் யார் என்று மாணவரைக் கேட்டால், அவர்கள் சற்றுந் தயங்காது கூறும் விடை ஒன்றுண்டு. "முன்னாலே செல்பவன்" என்பார்கள். முன்வைத்த காலைப் பின்வையாதவன் என்று அதற்கு விளக்கமுங் கூறுவார்கள். நாம் மாணவராயிருந்த காலத்தில் இதே விடையை எழுதினோம். ஆசிரியரான பின்னர் இதே விடையை எழுதியவர்களுக்குத் தாராளமாகப் புள்ளியும் வழங்கினோம். சரித்திர நூல்களும் பெரும்பாலும் இவ்விடைக்கே துணை நிற்கின்றன. கோட்டையைப் பிடித்தவன், கடலைக் கடந்தவன், கொடியை நாட்டியவன் ஆகியோருக்கே அவற்றில் அத்தியாயங்கள் ஒதுக்கப்படுகின்றன. பாதி வழியில் திரும்பி வந்தவனுக்கு அடிக்குறிப்பில் ஓர் இடம் கிடைத்தாலே பெரிது.

சென்ற ஆண்டு, எமது கல்லூரியிலே புதிதாகத் தெரிவுசெய்யப்பட்ட மாணவ தலைவர்களுக்குத் தலைமைத்துவம் பற்றிப் பேசும் பொறுப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. வழக்கமான உபதேசங்களைக் கூறிப் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்ட மனம் வரவில்லை. ஆகவே தென்துருவத்தை நோக்கிச் சென்று, அதனை எட்டிப் பிடிக்குந் தருணத்தில் திரும்பி வந்துவிட்ட ஒருவரது கதையைக் கூறினோம். கதை அவர்களுக்குப் பிடித்திருந்தது. பேச்சு முடிந்ததும் பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, மிகுந்த பணிவோடு ஒரு கேள்வி கேட்டான்.

"சேர், நீங்கள் எப்பவாவது பாதிவழியிலை திரும்பி வந்தனீங்களோ?"

அவ்வேளை பாடமுடிவு மணி அடித்தது. நாமும் புத்தகங்களைச் சேர்த்துக்கொண்டு, "நல்ல கேள்வி, தம்பி. பிறகு பேசுவோம்" என்று கூறி வெளியேறினோம். அந்த மணிக்கு நாம் இன்றளவும் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில் எம்மிடம் விடை இருந்தது, அதனைக் கூறும் துணிவு மட்டும் இருக்கவில்லை. அன்றிரவு உறக்கம் வராமற் கிடந்தபோது, திரும்பி வந்த மூவரது வாழ்க்கை மாறி மாறி நினைவில் எழுந்தது. முதலில் அவர்களைப் பற்றிக் கூறிவிட்டு, எமது விடைக்கு வருகிறோம்.

மாணவருக்கு நாம் கூறிய கதையின் நாயகர் ஏர்ணஸ்ட் ஷக்கிள்டன். 1874 ஆம் ஆண்டில் அயர்லாந்திலே பிறந்தவர். 1902 இல் ஸ்கொட் என்னும் தலைவரின் கீழ், வில்சன் என்பவரோடு சேர்ந்து, அந்தாட்டிக்காவின் உறைபனி வெளியில் அதுவரை எவருஞ் சென்றிராத தூரம் சென்றவர். திரும்பும் வழியில் அவரை நோய் பற்றிக்கொண்டது. மூச்சு வாங்கியது, இருமலில் இரத்தம் வந்தது, சறுக்குவண்டியை இழுக்கும் வலு அற்றுப்போயிற்று. அடுத்த ஆண்டு வந்த உதவிக் கப்பலில் ஸ்கொட் அவரை ஊருக்கு அனுப்பிவைத்தார். தளர்ந்தவன் என்று திருப்பியனுப்பப்படுவது எத்தகைய வேதனை என்பதை ஷக்கிள்டன் தம் உடம்பிலே கற்றுக்கொண்டார். இதனை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1907 இல் 'நிம்ரொட்' என்னுங் கப்பலில் அவரே தலைவராகப் புறப்பட்டார். அவரைக் குறையேதுமற்ற மனிதராக நாம் காட்ட விரும்பவில்லை. ஸ்கொட் முன்னர் தங்கியிருந்த இடத்தைத் தாம் பயன்படுத்துவதில்லை என்று அவருக்கு வாக்களித்திருந்தும், பனி வழிமறித்தமையால் அவ்வாக்கைக் காப்பாற்ற அவரால் இயலவில்லை. உணவுக் கணக்கிலும் அவர் மிக நெருக்கமாகவே திட்டமிட்டிருந்தார். 1908 ஒக்டோபர் 29 ஆந் திகதி, அடம்ஸ், மார்ஷல், வைல்ட் ஆகிய மூவரோடும் நான்கு மட்டக்குதிரைகளோடும் அவர் துருவத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். குதிரைகள் ஒவ்வொன்றாக இல்லாமற் போயின. எஞ்சியிருந்த கடைசிக் குதிரை டிசெம்பர் 7 ஆந் திகதி பனிப்பிளவொன்றினுள் விழுந்து மறைந்தது. அதன்பின் நால்வரும் தாமே வண்டியை இழுத்தனர். உணவைக் குறைத்தனர்; பின்னர் மேலுங் குறைத்தனர்.

1909 ஜனவரி 9 ஆந் திகதி அவர்கள் நின்ற இடம் தென் அகலக்கோடு 88 பாகை 23 கலை. துருவத்துக்கு எஞ்சியிருந்த தூரம் 97 கடல் மைல். எமது கணக்கில் ஏறக்குறைய 180 கிலோ மீற்றர். அவர்கள் நடந்து வந்திருந்ததோ ஆயிரம் கிலோ மீற்றருக்கு மேல். உலகில் எந்த மனிதனும் அதுவரை அவ்வளவு தெற்கே காலடி வைத்ததில்லை. இன்னும் சில நாட்கள் நடந்தால், மனித குலத்தில் முதல்வர் என்ற பெயர் நிலைத்துவிடும். ஆயின் கையிலிருந்த உணவையும், திரும்பிச் செல்ல வேண்டிய தூரத்தையும், தோழர்களின் உடல்நிலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது ஓர் உண்மை தெளிவாயிற்று. துருவத்தைச் சென்றடையலாம், ஆனால் திரும்பி வருதல் ஆகாது. ஷக்கிள்டன் அவ்விடத்திலே கொடியை நாட்டிவிட்டுத் திரும்பினார்.

திரும்பும் பயணம் போன பயணத்திலும் கொடிதாயிருந்தது. உணவு வைத்திருந்த இடங்களுக்கு இடையே பட்டினியோடு நடந்தார்கள். ஒருநாள் வைல்ட் மிகவும் சோர்ந்திருந்தபோது, ஷக்கிள்டன் தமது பங்குக்குக் கிடைத்த ஒரேயொரு பிஸ்கற்றை அவர் கையில் வலிந்து திணித்தார். அதன் பெறுமதியைப் பணத்தால் அளக்க இயலாதென்று வைல்ட் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பயணத்தின் இறுதியில் மார்ஷல் நோயுற்று வீழ்ந்தார். அவருக்குத் துணையாக அடம்ஸை நிறுத்திவிட்டு, ஷக்கிள்டனும் வைல்டும் முன்னே விரைந்து சென்று கப்பலை அடைந்தனர். கப்பலை அடைந்தவர் கட்டிலிற் படுத்துக்கொள்ளவில்லை. வேறு சிலரை அழைத்துக்கொண்டு, எஞ்சிய இருவரையும் மீட்பதற்குத் தாமே மீண்டும் பனியில் இறங்கி நடந்தார். நால்வரும் உயிரோடு ஊர் திரும்பினர்.

துருவம் வேறொருவருக்காகக் காத்திருந்தது. 1911 டிசெம்பர் 14 இல் நோர்வே நாட்டவராகிய அமுண்ட்சன் அதனை அடைந்தார். 1912 ஜனவரி 17 இல் ஸ்கொட்டும் தோழர் நால்வரும் அங்கே சென்றனர். திரும்பும் வழியில் ஐவரும் மாண்டனர். ஸ்கொட்டைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. குளிரும் நோயும் விதியும் சேர்ந்து செய்த காரியத்துக்கு ஒருவரை மட்டும் பொறுப்பாக்குதல் நியாயமாகாது. ஆயினும் அந்த ஐவரின் முடிவை அறிந்தபின், 1909 இல் ஒருவர் எடுத்த முடிவின் பாரம் எத்தகையது என்பது எமக்கு விளங்குகின்றது.

ஷக்கிள்டன் 1914 இல் மீண்டும் தெற்கே சென்றார். அவரது 'என்டியூரன்ஸ்' கப்பலைப் பனிக்கட்டிகள் நெரித்தன. 1915 நவம்பர் 21 இல் அது மூழ்கியது. சிறு படகுகளில் யானைத் தீவு என்னும் பாழ்ந்தீவை அடைந்த 28 பேரில், அறுவர் மட்டும் ஒரு படகிலே கொடுங்கடலைக் கடந்து உதவி தேடிச் சென்றனர். நான்காவது மீட்பு முயற்சியில், 1916 ஓகஸ்ட் 30 ஆந் திகதி, தீவில் எஞ்சியிருந்த 22 பேரும் மீட்கப்பட்டனர். இடையில் நான்கு மாதங்களாக அந்த 22 பேரையும் மனந்தளராது காத்திருந்தவர் யார் தெரியுமா? முன்னொரு நாள் அந்த ஒற்றைப் பிஸ்கற்றைப் பெற்ற அதே வைல்ட்தான். கண்டத்தின் மறுகரையில் அதே பயணத்துக்காக உணவு வைக்கச் சென்ற குழுவில் மூவர் இறந்தனர் என்பதையும் மறைத்தல் தகாது. ஆயினும் தம்மோடிருந்த 28 பேரில் ஒருவரையேனும் ஷக்கிள்டன் இழக்கவில்லை.

இவர் இழப்பு நேர்வதற்கு முன்னரே திரும்பியவர். அதற்குக் காரணம் அவர் முன்னொருகால் தளர்ந்தவனாயிருந்து பார்த்தமையே என்று நாம் கருதுகிறோம். வரிசையின் முன்னால் நடந்தவாறே, வரிசையின் கடைசியில் வருபவனின் மூச்சைக் கேட்க அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லோருக்கும் இந்த முன்னறிவு வாய்ப்பதில்லை. சிலருக்கு முதல் அடி விழுந்த பின்னரே வழி தவறிற்று என்பது தெரிகின்றது. அப்பொழுது என் செய்வது? இதற்கு விடையாக நாம் காந்தியடிகளின் வாழ்க்கையில் ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம்.

1922 பெப்ரவரி. ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தை எட்டியிருந்தது. பல்லாயிரவர் சிறையிலிருந்தனர். குஜராத்திலுள்ள பர்தோலியில் வரிகொடா இயக்கத்தைத் தொடங்குவதற்கு எல்லா ஆயத்தங்களும் செய்யப்பட்டிருந்தன. அந்த வேளையில், வடக்கே கோரக்பூர் மாவட்டத்துச் சௌரி சௌரா என்னும் சிற்றூரில், பெப்ரவரி 4 ஆந் திகதி, பொலிசார் சுட்டமையாற் கொதித்தெழுந்த கூட்டம் பொலிஸ் நிலையத்துக்குத் தீ வைத்தது. இருபதுக்கு மேற்பட்ட பொலிசார் மாண்டனர். காந்தியடிகள் அங்கிருந்து வெகு தொலைவில் இருந்தார். அந்தத் தீயை அவர் மூட்டவில்லை. மூட்டும்படி எவருக்குங் கூறவுமில்லை. 'இது எங்கோ நிகழ்ந்த தவறு. இயக்கம் நிற்கலாகாது' என்று அவர் கூறியிருந்தால் தேசம் அவரைப் பின்பற்றியிருக்கும்.

ஆனால் பெப்ரவரி 12 ஆந் திகதி இயக்கம் நிறுத்தப்பட்டது. காந்தியடிகள் ஐந்து நாட்கள் உண்ணாநோன்பு இருந்தார். சிறையிலிருந்த மோதிலால் நேருவும் லஜபதிராயும் இளைஞராயிருந்த ஜவஹர்லாலும் திகைத்தனர், கோபங்கொண்டனர். வெற்றி கைக்கெட்டும் வேளையில் ஒரு சிற்றூரின் குற்றத்துக்காக ஒரு தேசமே பின்வாங்குவதா என்று கேட்டனர். அவர்களது கேள்வி அற்பமானதன்று. அந்த முடிவு சரியா பிழையா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். இயக்கத்தின் வேகம் குன்றியது. தொண்டர் பலர் சோர்ந்தனர். மார்ச்சு மாதத்தில் அரசாங்கம் காந்தியடிகளைக் கைதுசெய்து, ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

எமது மனத்தை ஈர்ப்பது அந்த முடிவின் பயனன்று. அதில் அடங்கியிருந்த பொறுப்புணர்ச்சி. தம் பெயரைச் சொல்லிக்கொண்டு நடந்தவர்கள் செய்த பிழையைத் தம் பிழையாக அவர் ஏற்றுக்கொண்டார். 'யான் அங்கிருக்கவில்லை' என்ற சாட்டை அவர் தேடவில்லை. ஒன்றின் பெருமையைப் பெற ஆயத்தமாயிருப்பவன், அதன் பழியையும் பெற ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பதே அவரிடம் நாம் கற்கும் பாடம். எட்டாண்டுகளுக்குப் பின் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு அவர் அழைத்தபோது, அதே மக்கள் மீண்டும் எழுந்து வந்தனர்.

இனி மூன்றாமவர். அவர் முதலாமவரைப் போல முன்னறிந்து திரும்பியவருமல்லர். இரண்டாமவரைப் போல முதல் அடியிலே திரும்பியவருமல்லர். எல்லாம் முடிந்த பின்னர் திரும்பியவர். அவரே அசோகச் சக்கரவர்த்தி.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், முடிசூடி எட்டாண்டுகள் சென்றபின், அசோகர் கலிங்கத்தை வென்றார். அந்தப் போரில் ஓரிலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்றும், ஒன்றரை இலட்சம் பேர் நாடுகடத்தப்பட்டனர் என்றும், அதனினும் பன்மடங்கினர் மாண்டனர் என்றும் எமக்குத் தெரிவிப்பவர் வேறெவருமல்லர், அசோகரே. தமது பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டிலே இதனைப் பொறித்து, அதற்காகத் தாம் வருந்துவதையும் அவர் பொறித்து வைத்தார். வென்ற அரசர்கள் தாம் கொன்றவர்களின் தொகையைப் பெருமைக்காகப் பொறித்ததுண்டு. வருத்தத்துக்காகப் பொறித்தவரைக் காண்பது அரிது. அதே கல்வெட்டில் சோழர், பாண்டியர், தாம்பிரபரணி என்னும் இலங்கை ஆகிய பெயர்களும் வருதலால், அது எம்மவர்க்கு முற்றிலும் அந்நியமான செய்தியுமன்று.

இக்கல்வெட்டைப் பற்றி வகுப்பிலே புகழ்ந்து பேசுவது இலகு. ஆயின் இரண்டு உண்மைகளையும் கூடவே கூறவேண்டும். ஒன்று, வருந்திய அசோகர் கலிங்கத்தை விடுவித்து விடவில்லை. அது அவரது ஆட்சியிலேயே இருந்தது. மற்றையது, அந்தக் கல்வெட்டு வடமேற்கே சபாஸ்கரியிலும் மேற்கே கிர்னாரிலும் தெற்கே எர்ரகுடியிலும் உண்டு. ஆனால் கலிங்கத்துத் தௌலியிலும் ஜௌகடாவிலும் இல்லை. அங்கே அதனை நீக்கிவிட்டு, எல்லா மக்களும் தம் பிள்ளைகளே என்று கூறும் வேறு கல்வெட்டுக்களைப் பொறித்தனர். தோற்ற மக்களின் புண்ணைக் கிளறலாகாது என்று அரசர் எண்ணியிருக்கலாம். காரணம் எதுவாயினும், சக்கரவர்த்தியின் வருத்தத்தைத் தூரதேசத்தவர் படித்தனர். துன்பப்பட்டவர் தம் ஊர்ப் பாறையில் அதனைப் படிக்கவில்லை.

பல்லாண்டுகளாக இவ்வுண்மையை ஒரு துணுக்குச் செய்தியாகவே நாம் வகுப்பிற் கூறிவந்தோம். அந்த மாணவன் கேள்வி கேட்ட இரவிலேதான் அது எம்மை நோக்கித் திரும்பிற்று.

2011 ஆம் ஆண்டு. போர் முடிந்து ஈராண்டு நிறையாத காலம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மலையென்பதைப் படத்திலே மாத்திரங் கண்டிருந்தார்கள். அவர்களைத் தெற்கே அழைத்துச் செல்வதற்குப் பெற்றோர் அஞ்சினர். நாம் வீடு வீடாகச் சென்று பேசி, இருபத்தாறு மாணவரைச் சிவனொளிபாதமலைக்கு அழைத்துச் சென்றோம். அப்பொழுது எமக்கு முப்பது வயது. இருபத்தாறு பேரையும் உச்சிக்குக் கொண்டுசென்று, சூரியோதயத்தில் ஒரே படமாகப் பிடித்து வருவோம் என்று எல்லோரிடமுங் கூறியிருந்தோம்.

அவர்களுள் ஒருவன் மெலிந்த பையன், பதினைந்து வயது. சிறுவயதில் அவனுக்குத் தொய்வு இருந்ததென்று தாயார் எம்மிடம் முன்னரே கூறியிருந்தார். நல்லதண்ணியிலிருந்து நள்ளிரவு கடந்து ஏறத் தொடங்கினோம். பாதி வழியில் மழை பிடித்தது. படிகளில் நீர் அருவியாக ஓடிற்று. உச்சிக்குச் செல்லும் செங்குத்தான படிகளுக்குச் சற்று முன்னால், தேநீர்க் கடையொன்றின் தகரக் கூரையின்கீழ் ஒதுங்கி நின்றபோது, அந்தப் பையன் எம் அருகே வந்து மெதுவாகக் கூறினான்:

"சேர், எனக்கு ஏலாமல் கிடக்கு."

உடன் வந்த ஆசிரியர் ஒருவர், "நான் இவனோடை இதிலை நிக்கிறன். நீங்கள் மற்றவையைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். நியாயமான யோசனை. ஆனால் எமது மனத்தில் இருபத்தாறு என்ற எண் நின்றது. இருபத்தைந்து பேர் நிற்கும் படத்தை எண்ணிப் பார்க்க எமக்கு விருப்பமில்லை. "வந்தது வந்திட்டாய், தம்பி. இன்னும் கொஞ்சந்தான். எல்லாரும் ஒண்டாய் ஏறுவம்" என்று முதுகில் தட்டிக் கூறினோம். ஆசிரியர் சொல்லைத் தட்டியறியாத பிள்ளை. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

உச்சியில் எங்கும் முகில். சூரியனுமில்லை, மலைகளுமில்லை. முதன்முறை ஏறியவர்கள் அங்குள்ள மணியை ஒருமுறை அடிப்பது வழக்கம். இருபத்தாறு பேரும் அடித்தனர். படமும் பிடித்தோம். அதில் அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான்.

இறங்கும் வழியில் அவன் மூச்சுத் திணறி விழுந்தான். உதடுகள் நீலம் பாரித்தன. எமக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னால் வந்த சிங்கள யாத்திரிகர் நால்வர், எம்மை ஒன்றுங் கேளாமல், தம் போர்வையொன்றை விரித்து அவனைக் கிடத்தி, ஆயிரக்கணக்கான படிகளையும் தோள்மாற்றித் தூக்கி இறங்கினர். அவர்களுக்கு நன்றி கூறவும் எமக்கு அவர்களது மொழி தெரிந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு நாட்கள் அவன் கிடந்தான். நான்கு நாட்களும் நாம் கட்டிலருகே இருந்தோம்.

அவன் பிழைத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி ஓடிவந்த தாயார் எமது இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்கள் பக்கத்திலை இருந்தபடியாற்றான் என்ரை பிள்ளையைத் திரும்பக் கண்டனான், மாஸ்டர்" என்று அழுதார். நாம் ஒன்றுங் கூறவில்லை. ஊர் திரும்பிய பின்னர் கல்லூரிக் கூட்டத்திலும் எம்மைப் பொறுப்புணர்ச்சியுள்ள ஆசிரியர் என்று பாராட்டினார்கள். அப்பொழுதும் நாம் ஒன்றுங் கூறவில்லை. மாணவ தலைவர்களைப் பயிற்றும் பணி எம்மிடம் வந்து சேர்ந்தமைக்கு அந்தப் பாராட்டும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம்.

இதுவே அந்த மாணவனின் கேள்விக்கு விடை. இல்லை, தம்பி, திரும்பவேண்டிய இடத்தில் நாம் திரும்பவில்லை.

இதனை மறுநாளே வகுப்பிற் கூறியிருக்கலாம். ஆனால் தௌலியில் இல்லாத அந்தக் கல்வெட்டு மனத்தை உறுத்தியது. முதலிற் கூறவேண்டிய இடம் வேறொன்று உண்டென்று தோன்றிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாயாரின் வீட்டுக்குச் சென்றோம். மகன் இப்பொழுது கனடாவில் குடும்பமாக இருக்கிறான். தாயார் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் விளக்குமாற்றைச் சுவரோடு சாத்திவிட்டுக் கதிரை எடுத்துப் போட்டார். தேநீர் வரும்வரை காத்திராமல், நடந்ததை நடந்தவாறே கூறினோம். பையன் ஏலாதென்று கூறியதையும், மற்ற ஆசிரியர் தடுத்ததையும், நாம் படத்துக்காக அவனை ஏற்றியதையும் கூறினோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அது எனக்கு அண்டைக்கே தெரியும், மாஸ்டர். ஆஸ்பத்திரிக் கட்டில்லை கிடக்கேக்கையே அவன் சொல்லிப்போட்டான்" என்றார்.

நாம் திடுக்கிட்டோம். தெரிந்திருந்தும் எமக்கு நன்றி கூறியது ஏன் என்று கேட்டோம்.

"நாலு நாளும் கண்மூடாமல் இருந்ததும் நீங்கள்தானே. அதுவும் உண்மைதானே" என்றார். சற்றுப் பொறுத்து, "நீங்கள் ஒருநாள் வருவியள் எண்டு அவன் சொல்லிறவன். நான்தான் நம்பேல்லை" என்றுங் கூறினார்.

தேநீர் அருந்தி முடித்து எழுந்தபோது, இப்பொழுதும் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்வதுண்டோ என்று கேட்டார். உண்டு என்றோம். "எனக்குச் சொன்னதை அந்தப் பிள்ளையளுக்கும் சொல்லிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். கடிந்து கூறவில்லை, வழக்கமான குரலிலேயே கூறினார். ஆயினும் எமது ஆசிரிய வாழ்வில் இதைப்போன்ற கட்டளையொன்றை நாம் பெற்றதில்லை.

அந்த வாரம் மாணவ தலைவர்களைக் கூட்டி, எல்லாவற்றையுங் கூறினோம். கேள்வி கேட்ட மாணவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். எவருஞ் சிரிக்கவில்லை, எம்மீதிருந்த மதிப்பு குறைந்ததா கூடியதா என்று நாம் அறியோம். அறியவேண்டிய அவசியமும் இப்பொழுது தோன்றவில்லை.

இவ்வாண்டு தைமாதத்தில் மீண்டும் மலைக்குச் சென்றோம். புறப்படுமுன் இரண்டு ஒழுங்குகளைச் செய்தோம். மெதுவாக நடப்பவனே வரிசையின் முன்னால் நடக்கவேண்டும். மற்றவர்கள் அவனது வேகத்துக்கே நடக்கவேண்டும். ஏலாதென்று எவன் கூறினாலும், காரணங் கேளாமல் அவ்விடத்தில் அவனுக்காக ஓர் ஆசிரியர் நின்றுவிட வேண்டும். உச்சிக்குக் கீழே, கடைசித் தேநீர்க் கடையருகில், இருவர் ஏலாதென்றார்கள். மற்றவர்களை உடன்வந்த ஆசிரியர்களோடு அனுப்பிவிட்டு, நாம் அந்த இருவரோடும் வாங்கில் அமர்ந்து சுடச்சுடத் தேநீர் குடித்தோம்.

கிழக்கு வெளுத்தது. அன்று வானத்தில் முகிலில்லை. மேலேயிருந்து மணியோசை கேட்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பிள்ளைகள் ஒவ்வொருவராக அடித்துக்கொண்டிருந்தார்கள். எம் அருகிலிருந்த இருவரில் இளையவன், "எங்களாலை உங்களுக்கும் மேலை போகக் கிடைக்கேல்லை, சேர்" என்று வருத்தப்பட்டான்.

"மலை எங்கேயும் போகாது, தம்பி. தேத்தண்ணியைக் குடி" என்றோம்.

துருவம் ஷக்கிள்டனுக்குக் கிட்டவில்லை. ஆனால் அவரோடு சென்ற மூவரும் தத்தம் வீட்டு வாசலை மிதித்தார்கள். பிறர் பிள்ளைகளை அழைத்துச் செல்பவன் யாராயினும், அவன் ஆசிரியனாயினும் அரசனாயினும், அவனது பயணத்தின் எல்லை மலையுச்சியன்று. எத்தனை பேரை அழைத்துச் சென்றானோ, அத்தனை பேரும் திரும்பி வந்து நிற்கும் அந்த வாசலே அதன் எல்லை.